இருபதில் நின்ற நட்டு

காலை ஆறே முக்காலுக்கு செல்போன் அலறியது.

உதயசூரியன் உடனே எடுக்கவில்லை. ஒரு மணி நேரமாக இந்த அழைப்புக்காகவே காத்திருந்தவன், நான்கு ரிங் விட்டு, தூக்கக் குரலை வரவழைத்துக்கொண்டு 'அலோ' என்றான்.

மறுமுனையில் கூட வேலை செய்யும் தணிகாசலம்.

"சூரி... நம்ம ராஜசேகர் பூட்டான்பா. சுங்குவார்சத்திரம் தாண்டி ஹைவேல பைக்கு பின்சக்கரம் கயண்டுகிச்சாம். பின்னாடியே லாரி..."

உதயசூரியன் 'ஐயோ' என்றான். நேற்று கண்ணாடி முன்னால் பழகிய 'ஐயோ'. நன்றாகவே வந்தது.

விஷயம் இதுதான்... ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலை. அங்கே எட்டு வருஷம் நட்டு முறுக்கியவன் உதயசூரியன். சூப்பர்வைசர் பதவி போனதோ, மூன்றே வருஷ சர்வீஸ் ராஜசேகருக்கு! ராஜசேகர் ஒழிந்தால் அந்த நாற்காலி இவனுக்கு.

மற்றவர்கள் கத்தி வாங்குவார்கள். இவன் டார்க் ரெஞ்ச் வாங்கினான்!

வேண்டிய அளவை வைத்து நட்டை முறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் கருவி. அதைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. சின்ன ரெஞ்ச் இருபத்தைந்து நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடும். சக்கரத்து நட்டுக்கு எழுபது வேண்டும். சின்னதைக் காட்டினால் போலீஸ்கூடச் சிரிக்கும். டிஜிட்டல் கச்சிதம்தான்... ஆனால் ஒவ்வொரு முறுக்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். கொலைகாரனுக்கு ஆகாத குணம். கடைசியில் பத்து முதல் நூற்றுப்பத்து வரை போகும் சாதா 'டிக்' ரகத்தை, அளவு சரி என்ற சான்றிதழோடு வாங்கினான்.

தெருவே இவனிடம்தான் பைக்கைக் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை ராஜசேகரும் செயின் லூசு என்று வந்தான். செயினை இறுக்கக் கழற்றி, மறுபடி எழுபதில் முறுக்க வேண்டிய பின்சக்கர நட்டை, உதயசூரியன் இருபதில் நிறுத்தினான். சும்மா விட்டிருந்தால் தெருமுனையிலேயே கழன்றிருக்கும். இருபது... ஹைவே வரை தாங்கும்!

பத்து மணிக்கு எஸ்.ஐ. வினோதினி வந்தார்.

"அந்த வண்டியில கடைசியா கை வெச்சது நீங்கதானே?"

"ஆமா மேடம். கரெக்டா வெச்சேன்."

ரெஞ்சைக் காட்டினான். சான்றிதழை நீட்டினான். ரோடு போட்டவன்மேல் பழியைப் போட்டான். கொஞ்சம் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

"எழுபது வெச்சுத்தான் முறுக்கினீங்கன்னு எப்படி நம்பறது?"

"'டிக்'னு சத்தம் வரும் மேடம்."

"சத்தத்தை கோர்ட்ல காட்ட முடியாதே."

உதயசூரியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் வேலையை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"ரெக்கார்டு கீது மேடம்!"

அவனே உள்ளே போய், அவனே ஃபைலைக் கொண்டுவந்தான். தொழிற்சாலையில் போலவே கோடு போட்ட தாள்கள். வண்டிக்கு ஒரு தாள். நட்டுக்கு ஒரு வரி. எழுதாத வேலை செய்யாத வேலை என்பதுதான் அங்கே சட்டம்.

வினோதினி படித்தார்... மறுபடி படித்தார்.

"பின்சக்கர நட்டு. வேண்டியது எழுபது. முறுக்கியது இருபது. பக்கத்துல என்.ஜி.ன்னு எழுதியிருக்கே... அப்படின்னா?"

தொழிற்சாலையின் தர ஆடிட்டில் கேள்வி வந்தால் டக்கென்று பதில் சொல்லிப் பழகிய வாய்.

"நாட் குட் மேடம். ரிஜெக்ட்டு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது!

எட்டு வருஷப் பழக்கம். ரெஞ்சை வைத்த கை, தன்பாட்டுக்குப் பேனாவை எடுத்து உள்ளதை உள்ளபடி எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தது. மனசு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கூட வந்த கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார். வினோதினிக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஏன்யா, அதை அடிச்சு எழுபதுன்னு திருத்தியிருக்கலாமே?"

உதயசூரியன் பதறிப்போய் நிமிர்ந்தான்.

"அடிச்சுத் திருத்தினா ஆடிட்ல மாட்டிக்குவோம் மேடம்!"