இரண்டாவது முகமூடி

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அழுத்த அறையின் கதவை வெளியிலிருந்து மூடினார்கள்.

உள்ளே இரண்டு கட்டில்கள், இரண்டு ஆக்சிஜன் முகமூடிகள். ஆள் மூச்சை இழுத்தால்தான் முகமூடியின் வால்வு 'டக்' என்று திறக்கும். ஆக்சிஜனுக்கு நடுவே விடும் இடைவேளைக்காகக் கடற்படை முக்குளிப்பாளன் தன்னுடையதைக் கழற்றி வைத்தான். சத்தம் நிற்கவில்லை. ஆளில்லாத எதிர்க் கட்டிலின் பக்கம். டக். சற்று நேரம். டக்.

"தம்பி, இன்னொரு முகமூடி கசியுதா பாரு."

வெளியே இருந்த ஆபரேட்டர் ஒலிபெருக்கியில் சிரித்தான். "இந்த அழுத்தத்துல உங்க குரல் வாத்து மாதிரி இருக்குண்ணே. கசிவெல்லாம் இல்ல. கால் எப்படி?"

"இடுப்புக்குக் கீழ மரக்கட்டை."

விடிவதற்கு முன் அவனும் அவனுடைய ஜோடி முக்குளிப்பாளன் நெட்டையும் எதிரித் துறைமுகத்தில் ஒரு கப்பலின் அடிவயிற்றில் குண்டைப் பொருத்தினார்கள். ரோந்துப் படகு வந்துவிட்டது. அவன் ஆழத்திலிருந்து எங்கும் நிற்காமல் மேலே வந்தான். ரத்தத்தில் குமிழி கட்டியது. நெட்டை வரவில்லை. இருவரையும் பிணைத்திருந்த கயிறு மட்டும் வந்தது. மாலைவரை இங்கே அழுத்தத்தில் கிடந்தால் குமிழி கரைந்து கால்கள் திரும்பலாம். அதற்குமுன் கதவு திறந்தால் உயிரே தங்காது.

"அழுத்தத்தைக் குறைக்கிறேண்ணே. குளிரும்."

காற்று சீறி வெளியேற, எப்போதும்போல் மூடுபனி எழுந்து, விளக்கை மங்கச் செய்து, எதிர்க் கட்டிலை விழுங்கி, இரும்புச் சுவரில் சொட்டுச்சொட்டாக வழிந்தது. கூடவே ஒரு வாடை. டீசலும் சேறும் கலந்த துறைமுகத் தண்ணீரின் வாடை.

எதிர்க் கட்டில் முனகியது. தரையில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

"தம்பி. கதவைத் திற."

"இப்பத் திறந்தா ரத்தம் சோடா மாதிரி பொங்கிடும்ணே. தனியா கிடக்கிறது கஷ்டந்தான். நான் இங்கயேதான் இருக்கேன்."

டக் சத்தம் நின்றிருந்தது.

தலையைத் தூக்கினான். முழங்காலுக்கு அப்பால் வெறும் பனி. அவனுடைய வலது கால் வெடுக்கென்று ஒரு முறை இழுபட்டது. காலில் அவனுக்கு உணர்வில்லை, கண்தான் பார்த்தது.

இருண்ட தண்ணீரில் அவர்களுக்குக் கயிறுதான் வாய். ஒரு இழுப்பு என்றால், இருக்கியா? பதிலுக்கு ஒரு இழுப்பு.

கால் காத்திருந்தது. மறுபடி ஒரு முறை. குதிகால் கட்டிலின் விளிம்பைத் தாண்டியது.

வட்டக் கண்ணாடியில் ஆபரேட்டரின் முகம் மலர்ந்தது.

"அண்ணே, கால் அசையுதே! நீங்கதானே அசைக்கிறீங்க?"