காணாமல் போன எட்டாவது லாரி

1979, பங்குனி மாதம். நாமக்கல். காலை ஆறு மணி.

எட்டு லாரி நிற்க வேண்டிய செட்டில் ஏழுதான் நின்றது. போனது புத்தம் புது வண்டி. கம்பெனியை வாங்க விலை பேசிய சேலத்து நசுருல்லா வருகிற நாளாகப் பார்த்துப் போயிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அப்புசாமிக்கு அதுவே உறுத்தியது.

முதலாளி ராசப்பன் தங்கக் கடிகாரம் கட்டிய கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். “டிரைவர் ஹனீப்தானுங்க எடுத்திருக்கான். சாவி அவன்கிட்டத்தான் இருந்துச்சு. புடிச்சு உள்ள போடுங்க. எனக்கு மடியில கனமில்லீங்க.”

ஹனீப் கைகட்டி நின்றான்.

“சாவி எங்கே?”

“நேத்துச் சாயங்காலமே முதலாளி கையில குடுத்துட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போனேன்.”

“பாத்தவங்க?”

“யாருமில்லீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சீட்டுக்கு மேல முதலாளியோட குலசாமி படம் இருக்குதுங்க. நேத்து வண்டிய நிறுத்துனதும் அதுக்கு அரளி மாலை போட்டதே நாந்தானுங்க. அந்த வண்டியவா திருடுவேன்?”

அப்புசாமி யாரையும் எளிதில் நம்பமாட்டார். அழுகிறவனையும் சந்தேகிப்பார், சிரிக்கிறவனையும் சந்தேகிப்பார். மாமனார் வீட்டுக் காப்பியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிற ஆள்.

எட்டு மணி. ராசப்பன் வீடு. காப்பி கொண்டு வந்தவள் வசந்தாமணி, ராசப்பனுடைய இறந்துபோன தம்பியின் மனைவி. கம்பெனியில் பாதிப் பங்கு அவளுடையது. அப்புசாமி காப்பியை மோந்து பார்த்தார்.

“கம்பெனி எப்படி ஓடுதுங்க அம்மணி?”

“ஊருக்குள்ள கேட்டா பணம் கொட்டுதும்பாரு எங்க மூத்தாரு. வரிக்காரங்க கேட்டா நட்டமும்பாரு. எனக்குக் காட்டறதும் அந்த நட்டக் கணக்குத்தானுங்க. இந்தப் பங்கு கைக்கு வந்தாத்தான் எம்புள்ளைங்க ரெண்டும் படிக்கும்.”

பூசையறை திறந்திருந்தது. சுவரில் பித்தளைச் சட்டம் போட்ட பெரிய படங்கள். கீழே மணைமேல் சின்னதாக ஒரு குலசாமி படம். அதன் சட்டத்தில் நான்கு திருகாணி ஓட்டை, ஓரமெல்லாம் டீசல் கரி. மேலே லேசாக வாடிய அரளி மாலை. அப்புசாமி காப்பியைக் கீழே வைத்தார்.

பத்து மணி. செட்டுக்கு வசந்தாமணியும் நசுருல்லாவும் வந்துவிட்டார்கள்.

“லாரி திருடு போகலீங்க,” என்றார் அப்புசாமி. “வித்தாச்சு. வித்தவர் ராசப்பன்.”

ராசப்பன் சிரித்தார். “ஏனுங்க, வெயில் ஒத்துக்கலீங்களா?”

“எங்கய்யனும் லாரி வெச்சிருந்தவருதானுங்க. வண்டிய விக்கறப்ப நம்மாளுக என்ன பண்ணுவாங்க? குலசாமியைக் கழட்டி, சூடம் காட்டி, ஊட்டுக்குக் கொண்டாந்துருவாங்க. சாமியைச் சேத்து வித்த பாவம் வேண்டாம்னு. ஹனீப் போட்ட மாலையோட அந்தப் படம் உங்க பூசையறையில இருக்குது. திருடன் திருகாணியைக் கழட்டி, சாமியை உங்க ஊட்டுல எறக்கி வெச்சுட்டா போனான்?”

ராசப்பனின் கடிகாரக் கை மெல்லக் கீழே இறங்கியது.

“ரசீதில்லாம வித்தா வரியுமில்லை, தம்பி பொண்டாட்டிக்குப் பங்குமில்லை. திருட்டுன்னு எழுதிக் குடுத்தா இன்சூரன்சும் வரும். சர்க்காரை ஏமாத்துனீங்க, கூடப் பொறந்தவன் குடும்பத்தை ஏமாத்துனீங்க. சாமிகிட்ட மட்டும் பயம்.”

நசுருல்லா எழுந்தார். “வண்டியெல்லாம் நல்ல வண்டிதாங்க. ஆனா இவர் சொல்ற எந்தக் கணக்கை நம்புறது? நாளைக்கு வரிக்காரங்க என் கதவைத்தான் தட்டுவாங்க. பேசின விலையில பாதிகூடப் பெறாது.”

வசந்தாமணி முன்னால் வந்து கேட்டாள். “அவரு ஒதுங்கி, நான் நெசக் கணக்கைக் காட்டி, பாக்கி வரியையும் கட்டிட்டா?”

நசுருல்லா யோசித்தார். “அப்போ பேசின விலைதாம்மா.”

ஜீப்பில் ஏறும்போது ராசப்பன் மெதுவாகக் கேட்டார். “படத்தை வண்டியோட உட்டிருந்தா?”

“ஹனீப் இந்நேரம் உள்ள இருப்பானுங்க.”

ஹனீப் ஓடிப்போய் ஒரு டீ வாங்கி வந்து நீட்டினான். அப்புசாமி மோந்து பார்க்காமல் குடித்தார்.