பத்தொன்பது நாளாக உட்கார்ந்திருப்பவள்

"ஏய், உன் வாயோரத்துல ஈ உக்காந்திருக்குடி. தட்டிவிடு."

"என் வாயிலயா? நான் அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"லூசு, ஆன்லைன் கிளாஸ்ல தெரியுற மூஞ்சியைச் சொல்றேன். பாக்கவே குமட்டுது."

நிலோபர் சிரித்தாள். அவனியாபுரத்தில் தமிழ்வாணி லேப்டாப்பில் வகுப்பைத் திறந்து, மைக்கை அணைத்துவிட்டு, போனில் இவளோடு அரட்டை அடிப்பது தினமும் நடப்பதுதான். வகுப்பில் தெரியும் நிலோபர் வெறும் வீடியோ. குளித்துத் தலைசீவி, நீலத் துப்பட்டாவோடு, பாடத்தைக் கவனிப்பதுபோல் தலையாட்டும் நாற்பது விநாடிப் படம். கேமராவுக்குப் பதிலாக அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அட்டெண்டன்ஸ் விழுந்துவிடும். மூன்றாம் ஆண்டில் பாதிப் பேர் செய்வதுதான். மாடியறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், பத்தொன்பது நாளாக அது தலையாட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வீடியோல ஈயே இல்லையேடி."

"அப்ப இதென்ன, உலர்ந்த திராட்சையா? மேல போடி. வைவா ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்து நீதான்."

இன்றைய வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு. பெயிலானால் படிப்பு அத்தோடு சரி என்று அத்தா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியிலேயே அந்த வாடை வந்தது. முதலில் ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல மெல்லிசாக, பிறகு தேங்கிய எச்சிலும் தலை எண்ணெயும் ஊசிப்போன சோறும் ஒன்றாய்க் கலந்ததுபோல, நாக்கில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாக. கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினாள். வெயில் இறங்கிய மொட்டைமாடி அறை அடுப்பாகக் கொதித்தது. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அதன் மெத்தையின் நடுவில் ஈரம். தொட்டாள். வெதுவெதுப்பு. விரலில் பிசுபிசுத்தது.

திரையில் அவள் முகம் தலையாட்டியது.

கூந்தல் சடையாகத் திரண்டு கன்னத்தில் ஒட்டியிருந்தது. துப்பட்டாவின் கழுத்தோரம் மஞ்சளாக அழுக்கேறியிருந்தது. உதடு வெடித்து, வெடிப்புக்குள் சோற்றுப்பருக்கை மாதிரி ஏதோ வெள்ளையாக நெளிந்தது. சாத்திய அறையில், மதுரை வெயிலில், குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், பத்தொன்பது நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஓர் உடம்பு என்னவாகுமோ, அப்படி. ஒவ்வொரு தலையாட்டலுக்கும் தாடையிலிருந்து ஏதோ சொட்டியது.

வீடியோவை நிறுத்தினாள். நிற்கவில்லை. வகுப்பிலிருந்தே வெளியேறினாள். திரை கறுத்தது. மறுபடி தன் பெயரைப் போட்டு நுழைந்தாள்.

'காத்திருக்கவும். ஆசிரியர் அனுமதித்ததும் உள்ளே செல்லலாம்.'

போனில், தமிழ்வாணியின் லேப்டாப் வழியாக, ரோகிணி மேடத்தின் குரல் கேட்டது.

"அடுத்து நிலோபர். இருக்கியாம்மா?"

"எஸ் மேம்."

அவள் குரல். அவள் வாய் திறக்கவில்லை.

"சிம்மக்கல் மொத்தக் கடைகளைப் பத்தின உன் ப்ராஜெக்ட்ல முக்கியமான முடிவு என்ன?"

அது சொன்னது. சளி கட்டிய தொண்டையோடு, நிறுத்தாமல், வரிசையாக. நிலோபர் படித்தே இராத கேள்விகளுக்கும் சொன்னது. எல்லா வகுப்பையும் உட்கார்ந்து கேட்டது அதுதானே.

"அட, பிரமாதம்! கேமராவை மட்டும் தொடைச்சுக்கம்மா, ஒரே அழுக்கா தெரியுது."

"வாணி," நிலோபர் கிசுகிசுத்தாள். "அது நான் இல்லடி."

"விளையாடாதடி. இப்பத்தானே பேசுன?" தமிழ்வாணியின் குரல் உள்வாங்கியது. "உன் பல்லு... ஏய், உன் பல்லு மேசையில கிடக்கு."

"நான் வெளியில இருக்கேன். மேம்கிட்ட சொல்லு. சீக்கிரம் சொல்லு!"

அதற்குள் மேடத்தின் குரல்.

"இதென்ன, வெளியில இன்னொரு நிலோபர் காத்திருக்கு? யாரது?"

ஈரமாக எதையோ விழுங்கும் ஓசை. அப்புறம் போனுக்குள்ளிருந்து அவளுடைய சொந்தக் குரல், பயந்து, அழப்போகிற குரல்.

"மேம், ப்ளீஸ். அதை மட்டும் உள்ள விட்டுராதீங்க."