எட்டாவது ஸ்கிரிப்ட்

ஏழாவது ஸ்கிரிப்ட் முடிந்ததும், எல்லாம் சரி என்று திரையில் பச்சை விழ வேண்டும். விழவில்லை. அதற்குக் கீழே எட்டு என்று ஒரு வரி முளைத்தது.

வெற்றிசெல்வன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். திருச்சிக் கம்பெனி வேலையை இந்த ஒரு வருஷமாகக் குன்றாண்டார்கோவிலில் தன் வீட்டு மாடி அறையிலிருந்தே பார்க்கிறான். ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேரில் யார் எதை மாற்றினாலும், அதைப் புதிதாகக் கட்டிச் சேர்க்கும் பில்டு தானாக ஓடும். பழையதைத் துடைக்க ஒன்று, புதியதைக் கட்ட ஒன்று, சோதிக்க ஒன்று என்று வரிசையாகக் கட்டளை சொல்லும் ஏழு ஸ்கிரிப்டுகள். ஏழும் அவன் எழுதியவை. எட்டாவது என்று ஒன்று கிடையாது.

ஐப்பசி மழை மத்தியானம் மூன்று மணிக்கே அறையை இருட்டாக்கியிருந்தது. தகரக் கூரையில் விழும் இரைச்சலுக்கு அடியில் கம்ப்யூட்டரின் சின்ன உறுமல் கேட்டது. கூடவே, சாத்திய ஜன்னலைத் தாண்டி எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், கண்மாய்ச் சேற்றின் வாடை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. டீம் லீடர் மலையாண்டி.

“வெற்றி, எட்டாவதா என்னமோ ஓடுதேப்பா. நீ போட்டதா?”

“இல்லண்ணே. இந்தா, நிறுத்திடுறேன்.”

“எழுதுனது இலக்கியான்னு காட்டுது. அந்தப் புள்ள போயி ஒரு வருஷம் ஆச்சேப்பா.”

அவன் போனைக் கட் செய்தான்.

போன ஐப்பசியில், துடைக்கிற ஸ்கிரிப்டில் அவன் ஒரே ஒரு வரியைத் தப்பாக எழுதினான். சிறுநீரக ஆஸ்பத்திரி ஒன்றின் நாலு வருஷத்து நோயாளி விவரமெல்லாம் ஒரு நிமிஷத்தில் அழிந்துபோனது. விசாரணைக்கு முன்னால், எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு, பக்கத்து சீட்டு இலக்கியாவின் பெயரைப் போட்டுவிட்டான். ஆவூர்க்காரி. “நான் எழுதலண்ணே, வெற்றிக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க” என்று எல்லார் முன்னாலும் அவள் அழுதபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கே அவளுக்கு வேலை போயிற்று. கொட்டுகிற மழையில் ஸ்கூட்டியில் ஊர் திரும்பியவள் வழியில் கண்மாய்க்குள் விழுந்தாள். மறுநாள்தான் எடுத்தார்கள். அந்தக் காலி சீட்டைப் பார்க்க முடியாமல்தான் அவன் வீட்டிலிருந்து வேலை கேட்டு வாங்கினான்.

நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. நெட் வயரைப் பிடுங்கினான். வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. தமிழில்.

பெயர் நீக்கம்: வெற்றிசெல்வன்.

முடிந்தது.

மலையாண்டியை அழைத்தான். “அண்ணே, சர்வரையே அணைக்கச் சொல்லுங்க. நான் வெற்றி பேசுறேன்.”

“எந்த வெற்றி?”

“வெற்றிசெல்வண்ணே! இப்பத்தானே பேசுனீங்க?”

“அப்படி எங்ககிட்ட யாரும் இல்லைங்க. ராங் நம்பர்.”

குரல் நீக்கம்.

முடிந்தது.

கீழே மனைவி கலைமதி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவளைக் கூப்பிட்டான். தொண்டை நரம்பு புடைத்தது. வாய் அகலத் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கதவுக்கு ஓடினான். கைப்பிடி அசையவில்லை. திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

உருவம் நீக்கம்.

கீபோர்டில் டைப் அடித்தான். மன்னிச்சிடு இலக்கியா. அதை எழுதினது நான்தான். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்.

பதில் வந்தது.

அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்.

முடிந்தது.

படியில் காலடிச் சத்தம். இரண்டு பேர்.

“பாத்து ஏறுங்க, வழுக்கும்” என்றபடி கலைமதி கதவைத் தள்ளினாள். அவனுக்கு அசையாத கதவு அவளுக்குச் சுலபமாகத் திறந்தது. “இதாங்க ரூமு. கீழ நான் ஒருத்தி மட்டுந்தான். மேல சும்மாத்தான் கெடக்கு. புடிச்சிருந்தா இன்னைக்கே வந்துருங்க.”

அவன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். குளிர்காற்று பட்டவள்போல அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால் நின்றவளின் தலைமுடி கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. விரல் இடுக்குகளிலிருந்து சேறு சொட்டியது. கலைமதி கண்ணுக்கு அது எதுவும் படவில்லை.

வந்தவள் சுவரைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

“புடிச்சிருக்குக்கா.”

“அப்ப இருங்க, டீ போட்டு எடுத்தாரேன்.” கலைமதி இறங்கிப் போனாள்.

இலக்கியா அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் புதுசாக ஒரு வரி.

ஒன்பது. நினைவு நீக்கம். தொடரலாமா?

அவன் அவள் காலடியில் விழுந்தான். என் நினைவையாவது எடுத்துவிடு என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் அவசரப்படவில்லை. ஊறி வெளுத்த ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, சேறு படியப் படிய அழுத்தினாள்.

வேண்டாம்.