சுவரோரப் பேச்சு

சாமான்கள் எல்லாம் மேலே ஏறி முடிந்தபோது மழை விட்டிருந்தது. பழைய கட்டடம். பட்டப்பகலிலும் படிக்கட்டில் இருட்டு. திரும்பித் திரும்பி ஏறியதில், தெரு எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்பதே அவளுக்குக் குழம்பிப்போனது. தையல் மிஷினை மட்டும் கூலி ஆட்களிடம் கொடுக்காமல், அவளும் கணவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பின்னால், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயே திறக்காமல் மகள் சிட்டு ஏறி வந்தாள்.

பெயருக்குத்தான் சிட்டு. கீச்சென்று ஒரு சத்தம் கிடையாது. மூன்று வயது முடிந்துவிட்டது. அழுவாள், சிரிப்பாள், வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவாள், அவ்வளவுதான். காதிலும் கோளாறு இல்லை, நாக்கிலும் கோளாறு இல்லை என்று ஊரில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். “வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்மா. தானா வந்துடும், கவலைப்படாதீங்க.” மருந்து அதோடு சரி.

சிட்டுவைப் பெற்றவளோ ஊரில் பெரிய வாயாடி. பஸ் வருவதற்குள் பக்கத்தில் நிற்பவளின் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுவாள். அப்படிப்பட்டவள், கணவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக் வேலை கிடைத்ததென்று இத்தனை தூரம் வந்த பிறகு, உப்பு வாங்கக்கூடக் கைஜாடை காட்ட வேண்டியதாயிற்று. இங்கே பேசுகிற மொழியில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் பிடிபடவில்லை. நாள் முழுவதும் கம்ப்ரஸர் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற கணவனோ, சாப்பிட்டதும் சாய்ந்துவிடுவான்.

“இன்னும் பேசலையா?” என்று போனில் நாத்தனார் கேட்டாள். “உங்க பேச்சுல கால்வாசி வந்தாலே போதுமே அண்ணி. பிள்ளைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க!”

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள். வைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஊரில் எல்லாக் குழந்தைகளும் எதையெதையோ பேசட்டும். அவளுக்கு வேண்டியது ஒரே சொல். அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

உள்ளறையில் ஜன்னலோரமாக மிஷினைப் போட்டாள். ரெடிமேட் கடை ஒன்றிலிருந்து பேன்ட்டுகளுக்கு நீளம் குறைக்கவும், ஜிப் மாற்றவும் துணிகள் வந்தன. கடைக்காரம்மாள் சின்ன வயதில் சில காலம் தமிழ் பேசுகிற ஊரில் இருந்தவள். இந்த ஊரில் அவள் வாய்விட்டுப் பேச முடிந்த ஒரே மனுஷி.

அந்த அறையில் ஒரு வாடை இருந்தது. நெடுநாள் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துணியை உதறினால் வருமே, அந்த வாடை. இரண்டு முறை சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவியும் போகவில்லை. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் நூல் அறுந்து மிஷின் நின்றபோதுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது.

பெண் குரல். மெல்லிய குரல். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இழுத்து, மறுபடி சொன்னது. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லுவோமே, அந்த ராகம். மொழி புரியாவிட்டாலும் ராகம் எந்தத் தாய்க்கும் புரியும். திரும்பிப் பார்த்தாள். சிட்டு சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, வாயை அரைகுறையாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

‘எதிர் வாசல்ல குடியிருக்கிற அக்காவா இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டாள். மனசு குளிர்ந்துவிட்டது. டாக்டர் சொன்ன பேச்சுச் சத்தம் தானாகவே வந்து வாய்த்திருக்கிறது! மறுநாளே சுவரோரமாகப் பாய் விரித்து, பொம்மைகளைப் பரப்பி, சிட்டுவை அங்கே உட்காரவைத்துவிட்டு நிம்மதியாகத் தைக்க ஆரம்பித்தாள்.

எதிர் வாசல் அக்காவைப் படியில் பார்த்தபோது கும்பிட்டாள். சிட்டுவைக் காட்டி, தன் வாயைக் காட்டி, விரல்களைக் குவித்து விரித்துப் பேசுவதுபோல் ஜாடை செய்து, மறுபடியும் கும்பிட்டாள். அந்த அக்காவும் சிரித்து, தலையாட்டி, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். யாருக்கு என்ன புரிந்ததோ, இரண்டு பேருக்கும் திருப்தி.

நாளாக ஆக, சுவரோடு அவளும் பேச ஆரம்பித்தாள். பதில் வேண்டும் என்றில்லை. கேட்க ஒரு காது இருந்தால் போதும் என்று ஆகியிருந்தது. பெடலை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை, மாமியார் கதை, தனக்கு இங்கே எவ்வளவு தனியாக இருக்கிறது என்கிற கதை எல்லாம் தமிழிலேயே கொட்டினாள். அவள் பேச ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்துக் குரல் நின்றுவிடும். அவள் முடிக்கிற வரை சின்னச் சத்தம்கூட வராது. ‘எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷி’ என்று மெச்சிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் சிட்டு பேசினாள்.

ஒரு சொல் இல்லை. முழுசாக, தடங்கலில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு நீளமான ஒரு வாக்கியம். இந்த ஊர் மொழியில், சுவரைப் பார்த்து. அவள் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள். சாயங்காலம் கணவன் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

“எந்த மொழியா இருந்தா என்ன, வாயைத் திறந்துட்டா பாரு!” என்று அவனும் குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். சிட்டு பேசப் பேசக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினான். “ஆனா கிடங்குல நான் கேக்குற பேச்சு மாதிரி இல்லையே இது.”

“உங்களுக்கே அரைகுறை. அவ தெளிவா பேசுறது உங்களுக்கு எங்க புரியப்போகுது?”

அந்த வாரம் தைத்த துணிகளைக் கொடுக்கச் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பெருமை அடித்துக்கொள்ளத்தான். கடைக்காரம்மாள் சிரித்தபடி குனிந்து, குழந்தையிடம் ஏதோ கேட்டாள். சிட்டு பதில் சொன்னாள். கடைக்காரம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. வேறொன்று கேட்டாள். சிட்டு இன்னும் நீளமாகச் சொன்னாள்.

“யாரும்மா இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“எதிர் வாசல்ல ஒரு அக்கா, மேடம். சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து பேசுவாங்க.”

“ரொம்ப வயசானவங்களா?”

“இல்லையே. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவங்க.”

“இந்தப் பேச்சை இப்ப யாரும் பேசுறதில்லம்மா. நான் பாவாடை கட்டின வயசுல, படுக்கையில கிடந்த ஒண்ணு ரெண்டு கிழங்க பேசிக் கேட்டிருக்கேன். அப்பவே அது பழசு. அவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு.”

“அப்படி என்ன மேடம் சொன்னா?”

கடைக்காரம்மாள் துணிகளை அடுக்குவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னாள். “அம்மாகூட வந்தியாடான்னு கேட்டேன். அம்மா வீட்ல இருக்காங்களாம். இவங்க துணி தைக்கிறவங்களாம். வெளிச்சம் போறதுக்குள்ள திரும்பிடணும்னு அம்மா சொல்லி அனுப்பிச்சாங்களாம்.”

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். மூன்று வருஷம் காத்துக் கிடந்த சொல்லை எவளோ ஒருத்தி சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தட்டிப் பறித்துவிட்டாள்! குழந்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். மொழி தெரியாவிட்டால் என்ன, சண்டைக்கு மொழி எதற்கு? இன்றைக்கு அந்த அக்காவை ஒரு கை பார்த்துவிடுவது என்று மனசுக்குள் வசவுகளை அடுக்கிக்கொண்டே வந்தாள்.

வழக்கமான தெருவில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கமாக வந்தாள். அந்தப் பக்கத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணாந்து பார்த்தாள். தங்கள் ஜன்னல் தெரிந்தது. கம்பியில் காலையில் அவளே காயப்போட்ட சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவர். சுவர் அங்கே முடிந்தது.

அந்தப் பக்கம் வீடு இல்லை.

பால்கனி இல்லை. ஒட்டி நிற்கிற கட்டடம் எதுவும் இல்லை. மழையில் கறுத்த வெற்றுச் சுவர் மேலிருந்து கீழ்வரை இறங்கி, தண்ணீர் தேங்கிய காலி மனையில் நின்றது. எதிர் வாசல் அக்காவின் வீடு படிக்கட்டைத் தாண்டி, கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது.

சிட்டு அவள் கையை உதறிவிட்டு, அந்தச் சுவரைப் பார்த்துக் கையசைத்தாள்.

அவள் மேலே போகவில்லை. கணவன் வருகிற வரை தெருமுனைக் கடை வாசலிலேயே, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அவன் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தான். “தண்ணி பைப் ஓடும். பழைய பைப்புல காத்து அடைச்சா பேசுற மாதிரிதான் கேக்கும். வா, காட்டுறேன்.”

மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற மிஷினில் எங்கே பழுது என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். உள்ளே நடப்பது காதுக்குள்ளேயே நடப்பதுபோல் கேட்கும். அவன் சுவரோரப் பாயில் மண்டியிட்டு அப்படித்தான் கேட்டான். அவள் அறை வாசலிலேயே நின்றாள்.

“பைப்தானேங்க?”

அவன் கையை உயர்த்திப் பேசாதே என்றான்.

வெளியே சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துணிப் பெட்டி வாடை திடீரென்று கூடியது.

“என்னங்க…”

“நீ பேசினா கிட்ட வருது,” என்று கிசுகிசுத்தான். அவன் உதடு உலர்ந்திருந்தது. “மூச்சுச் சத்தம். நான் காது வச்சிருக்கிற இதே இடத்துல, அந்தப் பக்கமும் யாரோ காது வச்சுக் கேக்குற மாதிரி இருக்கு.”

ஸ்க்ரூடிரைவர் அவன் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்க அவன் குனியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் கிளம்பியதுதான்; பிறகு சாமான்களை ஏற்ற ஆட்களைத்தான் அனுப்பினார்கள்.

புது வீடு ஊரின் மறுகோடியில், தரைத்தளத்தில், வெயில் கொட்டுகிற வீடு. குடிவருவதற்கு முன் அவள் நாலு பக்கமும் நடந்து சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு சுவருக்கும் அந்தப் பக்கம் என்ன என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் பாலைக் காய்ச்சினாள்.

சிட்டு சில நாள் சுவர் சுவராகப் போய்க் காதை வைத்துப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஏங்கி ஏங்கி அழுதாள். பிறகு அழுகையும் நின்றது, பேச்சும் நின்றது. பழைய ஊமைச் சிட்டு ஆகிவிட்டாள். பெற்றவள் கலங்கவில்லை. மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, விடிந்ததிலிருந்து குழந்தையோடு பேசினாள். அரிசி களைந்தால் அரிசி, தலை வாரினால் சீப்பு, ஜன்னலில் காக்கா. தாடை வலிக்கிற வரை, ஒரே வார்த்தையை ஓராயிரம் தடவை. ராத்திரி கணவன், “போதும், தண்ணி குடி,” என்பான். இன்னொருத்தியிடம் விட்டதை மீட்காமல் அவள் வாய் ஓய்வதாக இல்லை. சிட்டுவும் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில நேரம் அவள் உதடும் ஓசையில்லாமல் அசைந்தது.

ஒரு காலை நேரம். கணவன் வேலைக்குப் போய்விட்டான். அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“அம்மா.”

குழாயை மூடினாள். தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தாள்.

“அம்மா!”

தமிழ். சுத்தமான தமிழ்.  அழுகை குபுக்கென்று பொங்கியது. ‘இதோ வரேன்டா’ என்று கத்த வாயைத் திறந்தாள். 

அதற்குள் கூடத்திலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

“என்னடா கண்ணு?”

மெல்லிய குரல். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இழுத்து, புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் பேசுகிற தமிழ்.

கையில் சோப்பு நுரை வழிய அவள் கூடத்துக்கு ஓடினாள். வெயில் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. சிட்டு மட்டும்தான் இருந்தாள், வெறும் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டுக்கொண்டு. அவள் வந்து நின்ற சத்தம் கேட்டும் குழந்தை திரும்பவில்லை.

“பசிக்குதும்மா,” என்றாள் சிட்டு, சுவரிடம்.