விளக்கண்ணனின் பெரட்டு

யாரும் கூப்பிடாமலேயே குப்பு "இருக்கேன்" என்றாள்.

நெத்திலிக் குழம்பில் முள் தேடிக்கொண்டிருந்த பிள்ளை, தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் பயந்த குரலில் சொன்னாள். அடுப்படியில் நின்ற அஞ்சலையின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அந்த இழுவை அவளுக்குத் தெரியும். பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், இருட்டு விலகாத பெரட்டுக் களத்தில், கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட, நெற்றியில் விளக்கும் கையில் வாளியுமாக வரிசையில் நின்ற பெண்கள் சொன்ன "இருக்கேன்" அது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனையோ விடியலில் அவளும் அதைச் சொன்னவள்தான். பக்கத்தில் நிற்க வேண்டியவளுக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கும் சேர்த்து "இருக்கா" என்று ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கங்காணி பேரை வெட்டிவிடுவான். பேர் விழுந்துவிடக் கூடாது என்கிற பயத்தில் யோசிக்காமலேயே வாய் திறந்துகொள்ளும்.

ஆனால் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, லயத்து வீடுகள் காலியாகி, ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் இந்த வரிசை வீட்டில் குடியேறியபோது குப்பு இடுப்புக் குழந்தை. பெரட்டை அவள் கண்ணால் கண்டதில்லை. அப்படியிருக்க, பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

அஞ்சலைக்கு முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு ராக்காயி மேல்தான். அஞ்சலை பேக்டரியிலிருந்து திரும்பும்வரை குப்புவைப் பார்த்துக்கொள்பவள் அவள். அவளும் தோட்டத்து ஆள், வாய் கொஞ்சம் நீளம்.

"நான் எதுக்கு அஞ்சல அதெல்லாம் சொல்லித் தரப்போறேன்? மறந்தா போதும்னு இருக்கேன்லா," என்றாள் ராக்காயி. "ஒங்க வீட்டு வீடியோலதான் என்னமோ பாக்குது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா சாவிய வாங்கிக்கிட்டு நேரா அங்கதான் போவுது. நானும் ஒங்க தம்பி கல்யாணந்தானேன்னு விட்டுட்டேன்."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட். தம்பி கார்த்திகேசுவின் கல்யாணம். மாலை வாடுவதற்குள் என்பார்களே, அப்படித்தான் ஆயர் தாவார் சாலையில் மோட்டார் சைக்கிளோடு அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் சிரிப்பதைப் பார்க்க அஞ்சலைக்கு அந்த கேசட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அதில் தாலி கட்டும் நேரத்தில் மூன்றாவது வரிசை இரும்பு நாற்காலியில் அவளும் இருப்பாள். மடியில் மஞ்சள் கவுன் போட்ட குப்பு, வாயைத் திறந்துகொண்டு தூக்கம். பிள்ளை வழுக்கிவிடாமல் அஞ்சலை இரண்டு கைகளையும் அவள் வயிற்றின் மேல் கோத்துப் பிடித்திருப்பாள்.

"மாமா கல்யாணம் முடிஞ்சதும் அவரு வருவாரும்மா," என்றாள் குப்பு, கேட்டதும்.

"எவரு?"

"விளக்கண்ணன்."

கேசட்டைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள் அஞ்சலை. மணமக்கள் ஏறிய கார்க் கதவு சாத்தியது. திரை நுரைத்தது. பிறகு பச்சைப் பெயின்ட் அடித்த அட்டை மரங்கள் வரிசை வரிசையாக வந்தன, ரப்பர் நிரையைப்போல. மரங்களுக்கு நடுவே முட்டிவரை பூட்ஸ் போட்ட ஒருவன் நின்றான். நெற்றி விளக்கின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்ததால் அவனுக்கு முகம் இல்லை. அவன் பேர் கூப்பிட்டான். எங்கோ இருந்து ஒரு பிள்ளை "இருக்கேன்" என்றது. உடனே மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி ஓட ஆரம்பித்தது. விளக்கு அதன் பின்னால் போனது. அடுத்த பேர். அடுத்த புள்ளி. ஏதோ பிள்ளைகள் நிகழ்ச்சிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் சட்டென்று அணைத்தாள்.

"இன்னும் என் பேரு வரலம்மா. வரும்னு சொன்னாரு."

"குப்பம்மான்னா?"

"இல்ல. என்னோட இன்னொரு பேரு. எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமாம்."

அஞ்சலை பிள்ளையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். குப்புவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால்தான் மூன்றாவதைப் பிறந்த கையோடு குப்பைமேட்டில் கிடத்தி, அடுத்த லயத்துக்காரி ஒருத்தி எடுத்துக்கொள்ள, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றத்தான் குப்பம்மா. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பதிந்துகொண்டதும் அதைத்தான். ஆனால் பெற்ற மனசு கேட்குமா? அன்று இரவே பிள்ளையின் காதில் ஓர் அழகான பேரைச் சொன்னாள். அந்தப் பேரை அவளும் புருஷன் ஜெயபாலனும் தவிர உலகத்தில் ஒருவரும் அறியார். அவர்களும் அதன் பிறகு சொன்னதில்லை. இங்கேயும் அது சொல்லப்படப் போவதில்லை.

இரண்டாவது சந்தேகம் ஜெயபாலன் மேல் விழுந்தது. லாரி ஓட்டிவிட்டு வந்தவனைக் கொஞ்சம் உட்காரக்கூட விடவில்லை.

"நீங்க வாய விட்டீங்களா?"

"பைத்தியமாடி ஒனக்கு? ரெண்ட மண்ணுல வச்சவன் நான். சொல்லுவனா?" அவன் கண் கலங்கியது. அவள் நம்பினாள். ஆனால் அன்று ராத்திரி அவன் தூக்கத்தில் ஏதாவது உளறுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

கல்யாண வீடியோ எடுத்த பாஸ்கலுக்கு ஈப்போ பழைய டவுனில் கடை. கடைசியில் என்ன ஓடுகிறது என்று அவள் சொன்னதும், அவன் கையில் இருந்த கோப்பிக் குவளை மேசைக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

"பழச அழிச்சிட்டுத்தான் எடுத்தேன்க்கா. சத்தியமா. அந்தக் கேசட் முழுக்கக் கல்யாணந்தான்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருடன் கணக்காக அவன் விழிப்பதைப் பார்த்து அவள் அசையாமல் நிற்கவே, அவனாகவே பேசினான். "கோப்பிக் கடையில முந்தி ஒரு கேம் பெட்டி இருந்துச்சில்ல? விளக்கு ஒண்ணு மரத்துக்கு நடுவுல புள்ளியத் தொரத்தும். அத வச்சு ஒரு கம்பெனி டிவிக்குப் பிள்ளைங்க ஷோ எடுத்துச்சு. பெரட்டு மாதிரி பேர் கூப்பிடுவாங்க, வீட்டுல பாக்குற பிள்ளைங்க இருக்கேன்னு கத்தணும். கொஞ்ச நாள்தான் போட்டாங்க. அப்புறம் எல்லாக் கேசட்டையும் அழிக்கச் சொல்லிக் குப்பை மாதிரி வித்தாங்க. நான் ஒரு பெட்டி வாங்குனேன்."

"ஏன் நிறுத்துனாங்க?"

"நான் அங்க லைட் புடிச்சேன்க்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "நடிக்க வந்த பிள்ளைங்கள சாயந்திரம் கூட்டிட்டுப் போக யாருமே வரல. ஒரு ஆத்தா அப்பன்கூட வரல. எங்களுக்கும் அது வித்தியாசமாத் தெரியல. அது யாரு பெத்த பிள்ளைங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரமாட்டேங்குது."

அவன் எதையோ மறைக்கிறான் என்றே அவளுக்குப் பட்டது.

"எரிச்சிருங்கக்கா."

"தம்பி அதுலதான்டா இருக்கான்."

"அப்ப சனிக்கிழம கொண்டாங்க. கல்யாணத்த மட்டும் வேற கேசட்டுல எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் போடாதீங்க. பேர் கூப்பிட்டாலும் பதில் மட்டும் சொல்லிராதீங்க."

அன்றே கேசட் உறையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெயபாலன் பாரிட் புந்தாருக்கு அரிசி ஏற்றப் போயிருந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் பக்கத்து வீட்டு ரேடியோவும் தெருநாய்களும் அடங்கிப்போயின. கரண்ட் போனது. அஞ்சலை மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுக் குப்புவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவிடுக்கில் ஈரக்காற்று வந்தது. காற்றோடு ஒரு வாடை. சாக்கடை பொங்கிவிட்டதோ என்று நினைத்தாள். மூக்கு அவளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டது. ஒட்டுப்பால். மரத்தில் உறைந்து, நாள்கணக்கில் மூட்டையில் கிடந்து புளித்த ஒட்டுப்பாலின் நாற்றம், தோட்டத்தைவிட்டு வந்தும் வெகு நாள் அவள் தலைமயிரைவிட்டுப் போகாமல் இருந்த அதே நாற்றம்.

டப்.

கூரைமேல் ஏதோ விழுந்தது. உருண்டது. வெயில் காலத்தில் ரப்பர்க் கொட்டை வெடித்துத் தெறிக்குமே, அந்தச் சத்தம். இது மழை. புந்தோங்கில் ரப்பர் மரம் ஏது?

டப். டப்.

கரண்ட் வந்தது. டிவியும் கூடவே வந்தது. நாதஸ்வரம்.

அஞ்சலை இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. வீடியோ பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய, கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"குப்பு, அலமாரியில இருக்கிறது என்னடி?"

"வெறும் உறைம்மா," என்றாள் பிள்ளை, குற்றம் செய்த முகத்தோடு. "கேசட்டு வீடியோ பெட்டிக்குள்ளயேதான் இருந்துச்சு. நீங்க தொறந்து பாக்கல."

திரையில் கார்க் கதவு சாத்தியது. நுரை. பச்சை மரங்கள். இந்த முறை அவை அட்டை இல்லை. பட்டையில் கத்தி வெட்டிய கோட்டில் பால் இறங்கிக்கொண்டிருந்தது. நிரையின் கடைசியில் விளக்கு. அது நடந்து வந்தது.

அஞ்சலை பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு வாயைப் பொத்தினாள். ஒரு கை வாயில், ஒரு கை வயிற்றில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிளக்கைப் பிடுங்க எழப் பார்த்தாள். கால் எழவில்லை. குப்பு கனத்தாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு கனம் கிடையாது.

விளக்கு திரையை நிறைத்தது. பேர் கூப்பிட்டது.

அந்தப் பேர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் காதோடு சொன்ன அதே மெதுவான குரலில். அவளுடைய குரலிலேயே.

குப்பு திமிறினாள். உள்ளங்கைக்குள் பிள்ளையின் உதடு அசைந்தது. சூடான மூச்சு. அஞ்சலை இன்னும் அழுத்தினாள். சொல்லாதடி. என் தங்கம், சொல்லாதடி.

இரண்டாம் தடவை கூப்பிட்டது. மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

மூன்றாம் தடவை.

குப்பு அடங்கிவிட்டாள். ஒரு மூச்சு விட்டாள் அஞ்சலை. ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

விளக்கு கொஞ்சம் தாழ்ந்தது. குரல் மாறியது. கங்காணியின் குரல். தோட்டத்து இருட்டின் குரல். அலுப்போடு கேட்டது.

"ஆள் இல்லையா? அப்ப பேர வெட்டவா?"

வெட்டுவதா. முதல் இரண்டின் பேரும் ஏற்கெனவே வெட்டுப்பட்டு மண்ணுக்குள் கிடக்கிறது. இதையுமா. வாய் திறந்துகொண்டது, எத்தனையோ விடியலில் யார் யாருக்காகவோ திறந்துகொண்ட அதே வாய்.

"வெட்டாதீங்கய்யா! இருக்கா! என் பிள்ள இருக்கா!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. ஓடியது. விளக்கு திரும்பியது.

டக்கென்று கேசட் நின்று, தானே பின்னோக்கிச் சுற்றி, தானே ஓடத் தொடங்கியது. நாதஸ்வரம். கார்த்திகேசு சிரித்தான். கெட்டிமேளம் முழங்க, வீடியோக்காரன் கூட்டத்தைக் காட்டினான். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. மூன்றாவது.

அஞ்சலை தன் மடியைக் குனிந்து பார்க்கவில்லை. கை லேசாக இருந்தது. அவள் திரையையே பார்த்தாள். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அஞ்சலையின் மடியில் மஞ்சள் கவுன் இல்லை. சேலை மட்டும், ஏதோ கனம் உட்கார்ந்ததுபோல் நடுவில் அமுங்கிக் கிடந்தது. திரையில் அவளுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கு மரம் மரமாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. நாற்காலிக்காரி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாததைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, வழுக்கிவிடாமல் இறுக்கி, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளையைத் தூங்கவைப்பதைப்போல.