ஆறு புள்ளி ஆறு

காலையில் விளக்கு வந்ததும் ஜெசிந்தா பல்கூடத் துலக்காமல் மூச்சுத்தொட்டியின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியில் பிஎச் எண் ஒளிர்ந்தது: ஆறு புள்ளி எட்டு. சே, மறுபடியும் ஏறிவிட்டது! அடுப்படி மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த சிலிண்டரின் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, வால்வை மெல்லத் திருகினாள். பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. எண் ஆறு புள்ளி ஆறுக்கு இறங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு, அப்புறம்தான் காப்பி போடப் போனாள்.

ஆழ்பட்டினம் தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில் இருந்தது. கடல் ஏறிக் கரையைத் தின்னத் தொடங்கிய பிறகு கட்டிய ஊர். அங்கே காற்று சும்மா கிடைக்காது. வீட்டிலிருப்பவர்கள் விடும் மூச்சை உறிஞ்சித் தொட்டிக்குள் அனுப்புவார்கள். தண்ணீருக்குள் வளரும் செடிகள் அந்தக் கரியமில வாயுவைத் தின்று பிராணவாயுவைத் தரும். வாயு கரைந்தால் தண்ணீர் புளிக்கும். சோடா குடித்தால் நாக்கு சுரீரென்கிறதே, அதே சங்கதிதான். புளிப்பு கூடினால் எண் இறங்கும், குறைந்தால் ஏறும். மூன்று பேர் மூச்சுவிடும் வீட்டுக்கு ஆறு புள்ளி ஆறு. இரண்டு பேருக்கு ஆறு புள்ளி எட்டு.

ஊர் நிர்வாகம் யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்பதில்லை. எண்ணைப் பார்த்துக் கணினியே சுவரில் பெயர்களை எரியவிடும். வெளியூர் போனவர்களுக்காக ஒரு மாதம் பொறுக்கும். அதற்குமேலும் எண் ஏறியே இருந்தால் ஒரு பெயர் அணைந்துவிடும். அந்தப் பெயருக்கு ஒதுக்கிய காற்று, அதாவது உயிர்ப்பங்கு, வரிசையில் காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்குப் போகும். ஆழ்பட்டினத்தில் சாவு என்றால் அதுதான்.

ஜெசிந்தாவின் வீட்டுச் சுவரில் இன்னும் மூன்று பெயர்கள் எரிந்தன. அவள், கணவன் கஸ்பார், மகள் ஆக்னஸ். ஆக்னஸுக்குப் பத்து வயது. விடுமுறைக்குக் கரையிலிருந்த அத்தை வீட்டுக்கு வாயாடிக்கொண்டே கிளம்பிப் போனவள், அங்கே காய்ச்சலில் போய்விட்டாள். கரையிலேயே அடக்கம் செய்தார்கள். பெற்ற வயிறு எப்படிப் பொறுக்கும்? சுவரிலிருக்கும் பெயரும் போய்விட்டால் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. சோடாக்கடையில் சொல்லி ஒரு கரியமில வாயு சிலிண்டர் வாங்கிவந்தாள். கஸ்பாருக்கு இது தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை.

அன்று மதியம் வழக்கம்போல மின்சிக்கனத்துக்காக ஊர் விளக்குகளை அணைத்தார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் செடிகள் வாயுவைத் தொடாது. காலையிலிருந்து லேசாகத் திறந்தே இருக்கும் வால்வை உடனே மூடிவிட வேண்டும். ஜெசிந்தாவோ மகளுடைய கவுனை மடித்துவைக்க எடுத்தவள், அதை முகத்தில் வைத்து அழுது, அழுத அசதியில் அப்படியே தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தால் எண் ஐந்து புள்ளி ஒன்பது. ஐயோ, மாதாவே! விளக்கு வந்ததும் கணினி எண்ணைப் பார்க்கும். இத்தனை மூச்சு எங்கிருந்து வந்தது என்று சோதனைக்கு வருவார்கள். சிலிண்டர் அகப்பட்டுவிடும்.

வால்வை மூடினாள். எண் அசையவில்லை. அடுப்படிக்கு ஓடி ஆப்பசோடா டப்பாவை எடுத்துவந்து ஒரு கரண்டி போட்டாள். எண் ஏறியது. இன்னொரு கரண்டி. ஆறு புள்ளி ஆறு வந்து நின்றது. விளக்கும் வந்தது, மூன்று பெயர்களும் எரிந்தன. அவள் தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கினாள்.

வேலை முடிந்து வந்த கஸ்பாரின் கண்ணில் முதலில் பட்டவை மூச்சுத்தொட்டியில் ஆக்னஸ் வளர்த்த கப்பி மீன்கள். எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"ஏட்டி ஜெசி, தண்ணியில என்னத்தப் போட்ட?"

"எண்ணு சரியாத்தானங்க இருக்கு. நீங்களே பாருங்க."

"எண்ணப் பாக்காத, மீனப் பாரு. மூச்சு முட்டிச் சாவுது."

"புளிப்பு கூடிட்டுன்னு கொஞ்சம் ஆப்பசோடா போட்டேன். சரியாயிட்டுல்லா?"

"சோடா எண்ணத்தான் ஏத்தும். வாயு எங்க போவும்? அம்புட்டும் உள்ளதான கெடக்கு!"

அவன் காற்றுக்குழாயை எடுத்துத் தொட்டிக்குள் விடப்போனான். ஜெசிந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. வாயு போச்சுன்னா பிள்ள பேரு போயிரும்."

"பிள்ளையே போயிட்டா, ஜெசி." அந்த வீட்டுக்குள் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவ வளத்த மீனையாவது உசுரோட விடு."

அவள் கையை எடுத்தாள். தண்ணீர் கொப்பளித்தது, வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எண் ஏறத் தொடங்கியது. ஆறு புள்ளி எட்டில் நின்றிருக்க வேண்டும். ஆனால் கரைந்துகிடந்த ஆப்பசோடா அதை நிற்க விடவில்லை. ஏழு, ஏழேகால், ஏழரை. இவ்வளவு ஏறிவிட்டால் கணினி ஒரு மாதமெல்லாம் பொறுக்காது. ஆளில்லாத வீடு என்று அப்போதே முடிவுகட்டிவிடும். சுவரில் மூன்று பெயர்களும் ஒரே நேரத்தில் அணைந்தன.

கஸ்பார் பதறிப்போய்ப் போனை எடுத்தான். "நாம ரெண்டு பேரும் இருக்கோம்னு ஒடனே சொல்லணும். இல்லன்னா காத்த நிறுத்திருவானுவ!"

"சொல்லலாங்க," என்றாள் ஜெசிந்தா, இருண்ட சுவரைப் பார்த்தபடியே. "செத்த பொறுத்துச் சொல்லலாம். பிள்ள தனியாப் போயிட்டாளேன்னுதான் எனக்கு ஆறவே இல்ல. கொஞ்ச நேரம் மூணு பேரும் ஒண்ணா இருந்துக்கிடுவோம்."

கஸ்பார் போனைக் கீழே வைத்தான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.